இன்டர்கூலரில் ஒரு டம்ளர் எஞ்சின் ஆயில்: டர்போ போய்விட்டதா, வேறு ஏதாவதா?

பாகான்_பூவண்டி:

வணக்கம். பட்டர்வொர்த் பாகான் டாலாமிலிருந்து எழுதுகிறேன். நான் போமன் (வண்டி மெக்கானிக்) இல்லை, பூக்காரன். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஸ்டியரிங், பிரேக், டீசல் விலை, அவ்வளவுதான். அதனால் கேள்வி கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு இரண்டு தடவை கேமரன் மலைக்குப் போய்ச் சாமந்தி ஏற்றி வருகிறேன். ராத்திரி 2 மணிக்குக் கிளம்பி, சிம்பாங் பூலாயில் ஹைவேயை விட்டு இறங்கி, கம்போங் ராஜாவுக்கு ஏறினால் விடிவதற்குள் தோட்டத்தில் நிற்கலாம். போக வர 400 சொச்சம் கிலோமீட்டர். திரும்பி வந்து, பாலத்தைத் தாண்டி, பினாங்கு லிட்டில் இந்தியா மாலைக் கடைகளில் பெட்டிகளை இறக்கிய பிறகுதான் பசியாறுவது.

வண்டி 2012 பிக்கப். 3 லிட்டர், நான்கு சிலிண்டர், காமன் ரெயில் டர்போ டீசல், கைக்கியர். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் கேள்வியை விட்டுவிட்டுப் பாதிப் பேர் அந்தக் கம்பெனிக்காக வழக்காட வந்துவிடுவீர்கள். ஓட்டம் 284,000 கிலோமீட்டர். 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) ஒரே ராத்திரியில் 3.35க்கு ஏறியதிலிருந்து ஒவ்வொரு லிட்டரையும் நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் வந்துவிட்டது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன்: போன ஆறு மாதமாக 3,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் குறைகிறது. முன்பு இப்படி இல்லை. கீழே சொட்டு ஒழுகவில்லை, தண்ணீர் தொட்டியிலும் எண்ணெய் மிதக்கவில்லை.

போன வியாழக்கிழமை மலைச்சாலையில் பாதி ஏற்றம். திடீரென்று 'பட்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஆக்சிலேட்டரை மிதித்தால் 'புஸ்ஸ்' என்று காற்றுப் போகிறதே தவிர இழுவை இல்லை. பின்னால் கறுப்புப் புகை. ஓரம் கட்டி, டார்ச் அடித்துப் பார்த்தால் டர்போ அமுக்கி அனுப்புகிற காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸ் கழன்று தொங்குகிறது. உள்ளே விரலை விட்டேன். விளக்கெண்ணெய் தடவிய பிள்ளைத் தலை மாதிரி வழவழவென்று இருக்கிறது! துணியால் துடைத்து, ஹோஸை மாட்டி, கிளிப்பை முறுக்கி, இரண்டாவது கியரிலேயே மேலே போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் வீட்டுப் பக்கத்துப் பட்டறையில் காட்டினேன். போமன் இன்டர்கூலரைக் கழற்றிச் சாய்த்தார். ஒரு மைலோ டின்னைப் பிடித்தோம். அளந்து பார்க்க நான் தான் பிடிவாதம் பிடித்தேன்: ஒரு டம்ளர், 200 மில்லி இருக்கும். கறுப்பு ஆயில். அவர் இரண்டாவது தடவை பார்க்கவில்லை. "டர்போ சீல் போச்சு பாஸ். ரீகோன் (பழசைப் புதுப்பித்தது) 1,900, புதுசு 4,200" என்றார்.

தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். தண்ணீர்மலைக்குப் போகிற கூட்டத்துக்கு மாலை கட்டுகிற அந்த ஒரு வாரம்தான் எனக்கு அரை வருட லாபம். வண்டி இல்லாமல் முடியாது, 4,200 வெள்ளி இப்போது கையிலும் இல்லை. டர்போ சக்கரத்தை விரலால் ஆட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுகிறது, முன்னும் பின்னும் ஆடவில்லை. சக்கர இதழ்கள் எங்கும் உரசிய மாதிரி தெரியவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் லேசாக நீலப் புகை, அரை நிமிடத்தில் போய்விடும்.

இது டர்போதானா? வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேறு ஏதாவது இருக்கிறதா?

ஹாஃப்கட்_கிங்:

இன்டர்கூலரில் எண்ணெய் என்றால் டர்போதான் அண்ணே. ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தால் தைப்பூசம் போய்விடும். ஹாஃப்கட் கடையில் (வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டிப் பாகங்கள் விற்கிற கடை) ஜப்பான் டர்போ 1,200க்குக் கிடைக்கும், பார்த்து வாங்குங்கள்.

பிறை_பழைய_போமன்:

தம்பி, அவசரப்படாதே. பிறையிலும் ஜூருவிலும் 31 வருடம் லோரி பட்டறையில் நின்றவன் நான், இப்போது முழங்கால் போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல டர்போவைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டதை என் கண்ணால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சில தடவை அந்தக் கை என் கைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. டர்போ சீல், டர்போ சீல் என்கிறார்களே, அங்கே ரப்பர் சீலே கிடையாது. பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிசாக ஓர் இரும்பு வளையம், அவ்வளவுதான். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிற தண்டில் ரப்பர் எப்படி நிற்கும்? ஆயில் மேலிருந்து பம்ப் அழுத்தத்தோடு வருகிறது, பேரிங்கை நனைத்துவிட்டு, கீழே தன் எடையால் வடிந்து எஞ்சினுக்குப் போகிறது. வடிகிற வழி சரியாக இருக்கும்வரை அந்த வளையத்துக்குப் பெரிய வேலை இல்லை. வடிகிற வழி அடைத்தாலோ, எஞ்சினுக்குள் காற்று அழுத்தம் ஏறி ஆயிலைக் கீழே இறங்க விடாமல் தடுத்தாலோ, நேற்று வாங்கின டர்போவும் ஒழுகும்.

நீ சொன்ன ஆட்டம் எனக்குக் கவலை தரவில்லை. அந்தத் தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதக்கிற தண்டு. எஞ்சின் நின்றிருக்கும்போது பக்கவாட்டில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னும் ஆடினால், இல்லை சக்கரம் வீட்டில் உரசியிருந்தால், அப்போது பேசலாம்.

இரண்டாவது, காற்றுக்குழாயில் எண்ணெய் வர இன்னொரு பெரிய வாசல் இருக்கிறது. அது பிரீதர் ஹோஸ். எஞ்சின் வயிற்றுக்குள் சேர்கிற புகையை ராக்கர் கவரிலிருந்து (எஞ்சின் தலைக்கு மேலே உள்ள மூடி) எடுத்து, டர்போவுக்கு முன்னால் காற்றுக்குழாயில் விடுகிற ஹோஸ். அதோடு கொஞ்சம் ஆயில் ஆவியும் வரும். அதனால் எந்த டர்போ டீசலைத் திறந்தாலும் உள்ளே ஈரப்பசை இருக்கும், அது நோய் இல்லை. ஆனால் ஒரு டம்ளர் என்பது ஈரப்பசை இல்லை.

இதைச் செய். காசு செலவில்லை.

ஆயில் குச்சியை எடுத்துப் பார். வண்டி சமதரையில், எஞ்சின் அணைத்துப் பத்து நிமிடம் கழித்து. மேல் கோட்டுக்கு மேலே நிற்கிறதா? மோந்தும் பார், டீசல் வாடை அடிக்கிறதா? அப்புறம் ஏர் ஃபில்டர். அடைத்த ஃபில்டர் இருந்தால் டர்போ உறிஞ்சுகிற உறிஞ்சலில் ஆயிலையும் சேர்த்து இழுக்கும்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான விஷயம். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போ வரைக்கும் உள்ள குழாயைக் கழற்று. பிரீதர் ஹோஸ் அதில் எங்கே சேர்கிறது என்று பார். சேர்கிற இடத்துக்கு முன்னால் எப்படி இருக்கிறது, பின்னால் எப்படி இருக்கிறது, டர்போ வாயில் எப்படி இருக்கிறது, மூன்றையும் எழுது. டர்போவுக்கு முன்னாலேயே எண்ணெய் நிற்கிறது என்றால், பாவம் டர்போ என்ன செய்யும்? வந்ததை அடுத்த பக்கம் தள்ளுகிறது.

கடைசியாகப் பாட்டில் சோதனை. பிரீதர் ஹோஸைக் காற்றுக்குழாயிலிருந்து பிடுங்கி, ஒரு பாட்டிலில் விடு. பாட்டில் கழுத்தை இறுக்கி அடைக்காதே, மேலே இரண்டு மூன்று ஓட்டை போடு. அடைத்தால் எஞ்சின் மூச்சு முட்டி, எல்லா சீல் வழியாகவும் ஆயிலைத் துப்பும். எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல் கட்டு. காற்றுக்குழாயில் அந்த ஓட்டையை நன்றாக மூடு. திறந்து விட்டால் தூசி நேராக டர்போ சக்கரத்துக்குப் போகும். இன்டர்கூலரைக் காலி செய்து துடைத்துவிட்டு, ஒரு கேமரன் ட்ரிப் அடி. திரும்பி வந்து பாட்டிலையும் பார், இன்டர்கூலரையும் பார். பாட்டிலில் எண்ணெய், இன்டர்கூலர் காய்ந்திருக்கிறது என்றால் டர்போவுக்கு விடுதலை. பாட்டில் காலி, இன்டர்கூலரில் எண்ணெய் என்றால் உன் போமன் சொன்னதுதான் சரி, நானே மன்னிப்புக் கேட்கிறேன்.

ஒரு கேள்வி: காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஆயில் விளக்கு அணைய எத்தனை நொடி ஆகிறது?

கெப்போங்_வேன்:

பெரியவர் சொல்வதைக் கேளுங்கள். கோலாலம்பூரில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், இது கேலிக்கு இல்லை.

என் டீசல் வேனில் டர்போ ஒழுகுகிறது என்று மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி ஒழுகல். மறுபடி ஒரு ரீகோன். யாரும் கீழே வடிகிற குழாயைக் கழற்றிப் பார்க்கவில்லை. முதல் டர்போ மாட்டும்போது அந்தக் குழாய் கேஸ்கெட்டுக்கு சிலிக்கோனை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். உள்பக்கம் பிதுங்கிய சிலிக்கோன் காய்ந்து, வழியில் பாதியை அடைத்திருக்கிறது. மீகூன் சேமியா மாதிரி சுருள் சுருளாக எடுத்தார் மூன்றாவது போமன்.

அதற்குள் நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. செலாயாங் மொத்த மார்க்கெட், விடியற்காலை 4 மணி. காய்கறி ஏற்ற வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்புகிறேன், எஞ்சின் நிற்கவில்லை. சாவி என் கையில், எஞ்சின் தானாகச் சுற்று ஏறுகிறது. ஏறிக்கொண்டே போகிறது. சுற்றிலும் வெள்ளைப் புகை, பக்கத்து ஆள் தெரியவில்லை. இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையே எரித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை, எரிய ஏதாவது கிடைத்தால் போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு லோரிக்கார அங்கிள் கத்தினார்: "பிரேக்கை மிதி, நாலாவது கியர் போடு, கிளட்சை விடு!" விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கால் நடுக்கம் நிற்க அரைமணி நேரம் ஆனது.

ஆட்டோ கியர் வண்டிக்கு இந்த வழி கிடையாது. காற்று வருகிற வாயைப் பலகை மாதிரி தட்டையான எதையாவது வைத்து அடைக்க வேண்டும். கையை வைக்காதீர்கள், துணியையும் வைக்காதீர்கள், உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். கிட்டப் போக முடியாவிட்டால் விலகி ஓடுங்கள், எஞ்சின் போனால் போகட்டும்.

பாகான் அண்ணே, நோய் எதுவாக இருந்தாலும் சரி, இன்டர்கூலரைக் காலி செய்யாமல் மலையேறாதீர்கள்.

பாகான்_பூவண்டி:

கெப்போங் அண்ணே, உங்கள் கதையைப் படித்துவிட்டு என் மனைவி வண்டிச் சாவியை ஒளித்து வைத்துவிட்டாள். கியர் போட்டு நிறுத்துகிற வழியைச் சொல்லிக் காட்டிய பிறகுதான் திரும்பக் கிடைத்தது.

ஐயா, நீங்கள் சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்தேன்.

ஆயில் குச்சி: மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை. தப்பு என் மேல்தான். மலையேற்றம் இருக்கிறதே, கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே என்று ஒவ்வொரு தடவையும் நானே கூட ஊற்றுவேன். சோற்றுக்கு நெய் ஊற்றுகிற மாதிரி. டீசல் வாடை இல்லை.

ஏர் ஃபில்டர்: திறந்து பார்த்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. தூசி ஒரு பக்கம், பெட்டி அடியில் காய்ந்த சாமந்தி இதழ்கள் ஒரு பிடி. பின்னால் ஏற்றுகிற பூ முன்னால் எப்படி வந்தது என்று தெரியவில்லை. தோட்டத்தில் நிறுத்துகிற இடத்தில் காற்றடித்து உள்ளே போயிருக்கும் போல. 45 வெள்ளிக்குப் புது ஃபில்டர் மாட்டினேன்.

காற்றுக்குழாய்: பிரீதர் சேர்வதற்கு முன்னால் பவுடர் மாதிரி காய்ந்த தூசி. சேர்கிற இடத்திலிருந்து கீழ்ப்பக்கம் ஒரு கறுப்புக் கோடு, டர்போ வாய் வரைக்கும் ஈரம். டர்போ சக்கரத்துக்கு முன்னாலேயே ஒரு தேக்கரண்டி எண்ணெய் குட்டையாக நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கே பாதி புரிந்துவிட்டது.

ஆயிலை மேல் கோட்டுக்குக் கீழே இறக்கினேன். ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஓட்டை போட்டு, பேட்டரி பக்கத்தில் கட்டினேன். கட்டியது வாழைநார். சிரிக்காதீர்கள், என் கைக்கு வருகிற முடிச்சு அதில்தான். நேற்று ட்ரிப் முடித்து வந்து பார்த்தேன். பாட்டிலில் மூன்று விரல் உயரம், அளந்தால் 170 மில்லி. மேலே கொஞ்சம் பால் கலந்த மாதிரி இருந்தது. இன்டர்கூலரைச் சாய்த்தால் ஒரு சொட்டு வரவில்லை.

ஆயில் விளக்கு அணைய மூன்று, நான்கு நொடி ஆகிறது. முன்பெல்லாம் உடனே அணையும்.

ஹாஃப்கட்_கிங்:

சரி சரி, டர்போ இல்லை. அப்போ பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் போய்விட்டது. எஞ்சின் இறக்கணும். நான் சொன்ன 1,200 இப்போ சின்னத் தொகையாகத் தெரியும்.

பிறை_பழைய_போமன்:

கிங் தம்பி, ஒரு கல்யாணத்தில் அடுத்த கல்யாணத்துக்குத் தேதி குறிக்காதே.

பூவண்டி தம்பி, நல்ல வேலை. பால் நிறம் கண்டு பயப்படாதே. மலைக் குளிரில் ஆவி தண்ணீராகி ஆயிலோடு கலந்திருக்கிறது. குச்சியிலும் அப்படி இருந்தால்தான் கவலை.

டர்போவுக்கு விடுதலை. ஆனால் 400 கிலோமீட்டரில் 170 மில்லி பிரீதரில் வருவது நல்லதுக்கில்லை. கூட ஊற்றிய ஆயில் ஒரு காரணம் என்று நினைத்தேன், இறக்கிய பிறகும் இவ்வளவு வருகிறதே. எஞ்சின் வயிற்றுக்குள் எங்கிருந்தோ காற்று இறங்குகிறது. எங்கிருந்து என்பதுதான் இனி கேள்வி.

எல்லாரும் முதலில் ரிங் என்பார்கள். இருக்கலாம். ஆனால் உன் எஞ்சினில் இஞ்செக்டர்கள் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுபவை) ராக்கர் கவருக்கு உள்ளேயா, வெளியேயா? மேல் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார். இஞ்செக்டர் ராக்கர் கவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது என்றால் எனக்கு வேறு சந்தேகம். ஒவ்வொரு இஞ்செக்டர் அடியிலும் வெள்ளிக் காசு அளவில் ஒரு செம்பு வாஷர் இருக்கும். அது தளர்ந்து கசிந்தால், எரிகிற காற்று மேலே ஏறி நேராக ராக்கர் கவருக்குள் வரும். பிரீதருக்கு அது ரிங் வழியாக வந்ததா, வாஷர் வழியாக வந்ததா என்று தெரியுமா என்ன? எல்லாவற்றையும் ஆயிலோடு சேர்த்து வெளியே தள்ளும். ரிங் என்று நினைத்து எஞ்சினைப் பிரித்தவன், பத்தாயிரம் செலவு செய்து, பழைய வாஷரோடு மூடினால் நிலைமை அப்படியே இருக்கும்.

இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. அந்தச் சூட்டுக் காற்று ஆயிலைக் கருக்கித் தார் மாதிரி ஆக்கும். கரி உதிர்ந்து கீழே எண்ணெய்ச் சட்டிக்குப் போய், பம்ப் உறிஞ்சுகிற வாயில் உள்ள சல்லடையை அடைக்கும். நான் ஆயில் விளக்கைக் கேட்டது அதற்குத்தான். மூன்று, நான்கு நொடி எனக்குப் பிடிக்கவில்லை. சல்லடை முழுக்க அடைத்தால் முதலில் பட்டினி கிடப்பது டர்போ, அப்புறம் கிராங்க் பேரிங். டர்போ செத்ததும் எல்லாரும் டர்போவைத்தான் திட்டுவார்கள்.

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திருகித் திறந்து, எடுக்காமல் அப்படியே வாயில் வை. துணியைப் போர்த்திக்கொள், சூடான ஆயில் தெறிக்கும். மூடி மெதுவாக நடுங்கினால் சரி. தாளம் போட்டால், 'சக்... சக்...' என்று ஒரே சிலிண்டர் மூச்சு விடுவது போல் கேட்டால், சொல். அப்புறம் டீசல் கருவி வைத்திருக்கிற பட்டறையில் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று பார்க்கச் சொல். குளிரில் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றுகிற குளோ பிளக்கின் ஓட்டை வழியாகப் பார்க்கட்டும், இஞ்செக்டரைத் தொட வேண்டாம். இஞ்செக்டரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் கசிகிற வாஷரும் வெளியே வந்துவிடும், உனக்கு ஒன்றும் தெரியாது.

மெக்கானிக்_மகள்:

ஐயா, குறுக்கே ஒரு கேள்வி. பிரீதரில் வருகிற ஆயிலைப் பிடித்து வைக்கிற கேட்ச் கேன் ஒன்று வாங்கி நிரந்தரமாக மாட்டினால் போதாதா? என் அப்பாவின் பிக்கப்பில் அப்படித்தான் இருக்கிறது, இன்டர்கூலர் சுத்தமாக இருக்கிறது.

பிறை_பழைய_போமன்:

நல்ல பொருள்தான் அம்மா, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல எஞ்சினுக்கு மாட்டினால் புகையைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற இஜிஆரின் கரியும் ஆயிலும் சேர்ந்து, காற்று உள்ளே போகிற மேனிஃபோல்டில் களியாக ஒட்டுவது குறையும். ஆனால் ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளி வைத்தால் தரை நனையாது, கூரை ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் அப்பாவின் கேனை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை காலி செய்கிறார், எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். போன மாதத்தைவிட இந்த மாதம் கூடினால் அதுதான் சேதி.

பாகான்_பூவண்டி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பாதியில் விட்டால் பின்னால் படிக்கிறவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

இஞ்செக்டர்கள் ராக்கர் கவருக்கு உள்ளேதான். ஆயில் மூடி தாளம் போட்டது, உறுமி மேளம் மாதிரி. புக்கிட் மெர்தாஜாம் பக்கம் டீசல் வேலை மட்டும் பார்க்கிற ஒரு பட்டறைக்குப் போனேன். கம்ப்ரஷன்: 27, 26, 22, 27 பார் அழுத்தம். மூன்றாவது மட்டும் கீழே. நான்கும் சேர்ந்து இறங்கவில்லை என்பதைப் பார்த்ததும் அந்த போமனும் "ரிங் என்று எடுத்தவுடனே சொல்ல மாட்டேன்" என்றார்.

ராக்கர் கவரைத் திறந்தார். அங்கேதான் நான் வாயடைத்துப் போனேன். முதல், இரண்டாவது, நாலாவது இஞ்செக்டரைச் சுற்றி ஆயில் பழுப்பாக, சாதாரணமாக இருந்தது. மூன்றாவதைச் சுற்றி மட்டும் சட்டியில் அடிப்பிடித்த சர்க்கரைப் பொங்கல் மாதிரி கறுப்பாக, கெட்டியாக, ஒரு மேடு. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் கல் மாதிரி சத்தம் கேட்டது. அவர் அந்த சிலிண்டரில் கம்ப்ரசர் காற்றை விட்டு, இஞ்செக்டர் அடியில் சவுக்காரத் தண்ணீரைத் தூரிகையால் தடவினார். பொரி பொரியாக நுரை கிளம்பியது. "நீங்கள் ஆயில் மூடி வழியாகக் கேட்டிருந்தால் ரிங் மாதிரிதான் கேட்டிருக்கும்" என்றார். வாஷரைக் கழற்றி என் கையில் வைத்தார். ஒரு ஓரத்தில் அரிசி அகலத்துக்குக் கறுத்து, கோடு விழுந்து, காற்று போன தடம் தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவு சின்னப் பொருளுக்கு நான் 4,200 வெள்ளி அழ இருந்தேன்.

எண்ணெய்ச் சட்டியை இறக்கினார்கள். சல்லடையில் பாதிக்கு மேல் கரி, கறுப்பு மணல் மாதிரி. கை கழுவ மூன்று தடவை சவுக்காரம் போட்டேன்.

வேலை: நான்கு வாஷரும் புதிது, இஞ்செக்டர் உட்காருகிற இடத்தைக் கருவி வைத்துத் தேய்த்துச் சுத்தம் செய்தது, திரும்பு குழாய் சீல்கள், ராக்கர் கவர் கேஸ்கெட், அதில் உள்ள பிரீதர் அறையைக் கழுவியது, சட்டி, சல்லடை, ஆயில், ஃபில்டர், உப்பிப்போன அந்த ரப்பர் ஹோஸும் இரண்டு கிளிப்பும். மொத்தம் 1,150 வெள்ளி. டர்போ ஆயில் குழாயையும் கழற்றி ஊதிப் பார்க்கச் சொன்னேன், கெப்போங் அண்ணன் நினைவு. சிலிக்கோன் இல்லை, சுத்தமாக இருந்தது.

இன்டர்கூலரை நானே மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன், அப்புறம் சவுக்காரமும் வெந்நீரும். ஒரு முழு நாள் கொல்லையில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்தேன். மண்ணெண்ணெய் உள்ளே தங்கியிருந்தால் அதையும் குடித்துவிட்டு எஞ்சின் ஓடிவிடுமோ என்ற பயம்தான்.

மறுபடி பாட்டில் கட்டி, நேற்று ஒரு ட்ரிப் போய் வந்தேன். பாட்டிலில் ஒன்றரை தேக்கரண்டி. காலைப் புகை இல்லை. ஆயில் விளக்கு சாவி திருப்பியதும் அணைகிறது. பிரீதர் ஹோஸைப் பழையபடி காற்றுக்குழாயில் மாட்டிவிட்டேன். ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முழங்காலுக்கு நல்லெண்ணெயும், வீட்டுச் சாமிக்கு ஒரு மாலையும் கொண்டு வருகிறேன், முகவரி மட்டும் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.

ஹாஃப்கட்_கிங்:

என் வாயை நானே கட்டிக்கொள்கிறேன், வாழைநார் இருந்தால் கொடுங்கள்.

பிறை_பழைய_போமன்:

மாலை போதும், நல்லெண்ணெய் வீட்டில் இருக்கிறது.

தம்பி, ஒன்று பாக்கி. சல்லடையைக் கழுவினாலும், எஞ்சின் உள்ளே வேறு இடங்களில் ஒட்டியிருக்கிற கரி இனிமேல்தான் மெதுவாகக் கழன்று வரும். 1,000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்று. பழைய ஃபில்டரை அறுத்துப் பார், கறுப்பு மணல் இருக்கிறதா என்று.

பாகான்_பூவண்டி:

சரிங்க ஐயா. இப்போது 430 ஓடியிருக்கிறது. தைப்பூசம் முடிந்த மறுநாளே மாற்றிவிடுகிறேன்.

பிறை_பழைய_போமன்:

தைப்பூசத்துக்குள் இன்னும் எத்தனை ட்ரிப் அடிப்பாய்?

பாகான்_பூவண்டி:

நான்கு.

பிறை_பழைய_போமன்:

கணக்குப் போட்டுப் பார். முதல் ட்ரிப் முடித்துவிட்டு மாற்று. மேல் கோட்டுக்கு மேலே ஊற்றாதே.